ஊமை என்ற பெயர்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் அமைந்த நல்லதண்ணி, யாத்திரைக் காலத்திலே அடியார்களின் குரலால் நிறைந்து விளங்கும் ஊராகும். அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், மூன்று வயதாகியும் வாய் திறந்து பேசாத பிள்ளைக்கு லயத்தார் பெரும்பாலும் இடும் பெயர் ஒன்றே: ஊமை. செவி கேளாத பிள்ளைக்கும் அப்பெயரே; அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைக்கும் அப்பெயரே. இவ்வொரு பெயருக்குள் வெவ்வேறான பல குறைகள் மறைந்து கிடக்கின்றன என்பதை மனிதகுலம் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது.

பேச்சொலி எங்ஙனம் பிறக்கிறது என்ற வினாவைத் தமிழர் பண்டே எழுப்பினர். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைக்கின்றது. அண்ணம் பிளவுபட்ட பிள்ளை பகரத்தை ஒலிக்க முயலும்போது காற்று மூக்கின் வழியே கசிந்துவிடுகின்றது, ஒலி மழுங்குகின்றது. இங்கே பழுது உறுப்பில் உள்ளதேயன்றி அறிவில் இல்லை. அறுவைச் சிகிச்சையும் அதனைத் தொடரும் பயிற்சியும் பேச்சைத் திருத்தவல்லன.

ஆயினும் உறுப்புக்கள் யாவும் செம்மையாக அமைந்திருந்தும் பேசாதோர் உளர். கேளாத ஒலியை நா கற்பதெங்ஙனம்? செவிடராய்ப் பிறந்தோருக்குக் கல்வி இயலாது என்றே ஐரோப்பாவிலும் பலர் நம்பியிருந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவியான பெட்ரோ பொன்சே டி லியோன், பிரபுக்கள் குடும்பத்துச் செவிட்டுப் பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்து அந்நம்பிக்கையைத் தகர்த்தார். பின்னர் 1880இல் மிலான் நகரிற் கூடிய மாநாடு, வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டுமென்று சைகை மொழியை ஒதுக்கியது. அத்தீர்மானங்களை 2010இல் வன்கூவர் நகரிற் கூடிய மாநாடு நிராகரித்தது. சைகை மொழியும் இலக்கணம் உடைய முழுமையான மொழியே என்பது இன்று தெளிந்த உண்மை.

மூளையின் பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் புலப்பட்டது. பாரிஸ் நகர் மருத்துவரான போல் புரோக்கா 1861இல் ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் கூறுவதை விளங்கிக்கொண்ட அம்மனிதரால் 'டான்' என்ற ஓர் அசையையன்றிப் பெரும்பாலும் வேறெதனையும் சொல்ல இயலவில்லை. அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது மூளையின் இடப்புற முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டனர். 1874இல் ஜேர்மானிய மருத்துவர் கார்ல் வேர்னிக்கே வேறொரு நிலையை விளக்கினார்: பேச்சு தடையின்றி ஓடும், பொருளோ இராது, பிறர் சொல்வதும் விளங்காது. ஒலியை உருவாக்கும் பேச்சு வேறு, பொருளை அமைத்து உணரும் மொழி வேறு என்னும் அடிப்படைக் கருத்து இத்தகைய ஆராய்ச்சிகளால் வலுப்பெற்றது. திக்கிப் பேசும் பிள்ளையிடம் மொழி நிரம்ப உண்டு. பேச்சின் ஓட்டமே தடைப்படுகின்றது. அதனை ஏசுவதும், அது முடிக்குமுன் நாமே சொல்லிவிடுவதும் நன்மை தாரா.

இலங்கையில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இரத்மலானைப் பாடசாலை என இன்று அறியப்படுவது அதுவே. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் தோன்றியது. இந்தியாவில் 1965இல் மைசூரிலே பேச்சு, கேள்வி ஆகியவற்றுக்கான அகில இந்திய நிறுவனம் எழுந்தது. பேச்சு, மொழிச் சிகிச்சையாளரை உருவாக்கும் பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் நடைபெறுகின்றது.

ராகமைக்கும் நல்லதண்ணிக்கும் இடையிலுள்ள தூரம் மலைப்பாதையின் தூரம் மட்டுமன்று. மொழியின் தூரமும் ஆகும். சிகிச்சை என்பது பிள்ளையோடு பேசி, விளையாடி, தாய்க்கும் வழிகாட்டிச் செய்யும் பணி. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அது தமிழிலே கிட்டாவிடின் பயன் பாதியாகும். தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்து இத்துறைக்கு மாணவர் செல்ல வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

அதுவரை முதற்காவல் அருகிலேயே உண்டு. தாய் கொழுந்து பறிக்கச் சென்றபின் பிள்ளைக் காம்பராவிலே குழந்தையைப் பார்ப்பவர், பின்னால் நின்று அழைத்து, அது திரும்புகிறதா என நோக்கலாம். ஒரு வயதையொட்டி முதற்சொல்லும், இரண்டு வயதையொட்டி இரு சொற்கோவையும் வருதல் பொதுவழக்கு. வராதவிடத்து முதலில் செவியைச் சோதிக்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் கடன். பெயரிட்டுவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும். பிள்ளைக்கு ஊமை என்று பெயரிடுமுன், அது நம்மைக் கேட்கிறதா என்று கேட்டறிவோமாக.