புகலிடமான பாடசாலைகள்

ஊர் பெயருங் காலத்து மக்கள் முதலில் நாடுவது கோயிலையும் பள்ளிவாசலையும். அவை நிறைந்தபின் பாடசாலையை. அதன் கூரை அகன்றது, கிணறுண்டு, எவரும் வழி வினவாது சென்றடையத் தக்கது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை கல்முனைக் கரையை அழித்தபோது, மருதமுனை முதற் காரைதீவு ஈறாகத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்களில், எஞ்சி நின்ற பாடசாலைகள் பல அகதி முகாம்களாயின. அன்று இளம் ஆசிரியனாயிருந்த யான், பழைய வகுப்பு இடாப்பொன்றின் வெற்றுத் தாள்களில் வந்தோரின் பெயர்களை எழுதினேன். அவ்விடாப்பின் நினைவே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடலுக்கு அஞ்சி வந்தோரைப் பாடசாலை காத்தது. யுத்தத்துக்கு அஞ்சி வந்தோரை எப்போதுங் காத்ததென்று சரித்திரங் கூறவில்லை. 1940 செப்டெம்பரில் ஜேர்மானிய விமானக் குண்டுகளால் வீடிழந்த கிழக்கு இலண்டன் மக்கள் சிலர், ஹோல்ஸ்வில் பாடசாலையில் தங்க வைக்கப்பெற்றுத் தம்மை அப்பாற் கொண்டு செல்லும் பேருந்துகளை நோக்கியிருந்தனர். பேருந்துகள் வரவில்லை, 10 ஆந் திகதி அதிகாலையிற் குண்டே வந்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனரென்பது அரசாங்கத்தின் கணக்கு. நூற்றுக்கணக்கானோர் என்பது அவ்வூராரின் கணக்கு.

நம் நாட்டுக்கு வருவாம். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாண நகரைக் கைப்பற்ற முற்பட்ட வேளையில், கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்துக் கல்லூரி மலரொன்றில் இதனைக் கூறாது அப்பாற் செல்லல் இயலாது.

2006 ஆகஸ்டில் மாவிலாற்று மதகினையொட்டி எழுந்த போர் மூதூர் நகரினுட் புகுந்தது. ஆங்குள்ள முஸ்லிம்கள், எம் கரையோர முஸ்லிம்களைப் போன்றே, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். அவர்கள் அறபுக் கல்லூரியிலும் பாடசாலைகளிலும் ஒடுங்கினர். 3 ஆந் திகதி அப்புகலிடங்களில் வீழ்ந்த எறிகணைகளாற் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவற்றை எய்தவர் மாற்றாரே என இராணுவமும் புலிகளும் ஒருவரையொருவர் சுட்டினர். ஊர் கந்தளாயை நோக்கிப் பெயர்ந்தது.

அதே காலத்தில் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலுமிருந்து ஓடிய தமிழர், புலிகளின் ஆதிக்கத்திலிருந்த வாகரைப் பகுதியை அடைந்தனர். அவர்களுட் பலர் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்திலும் அதன் வளவிலுந் தங்கினர். நவம்பர் 8 ஆந் திகதி இராணுவத்தின் எறிகணைகள் ஆங்கு வீழ்ந்தன. அத்திசையிலிருந்து புலிகள் தாக்கியமையாலேயே திருப்பிச் சுட்டதாகவும், அவர்கள் மக்களைக் கேடயமாக்கினரெனவும் இராணுவம் உரைத்தது. நேரிற் சென்ற போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினரோ, முகாமில் இராணுவ நிலை எதனையுங் காணவில்லையெனக் கூறி, தாக்குதலுக்கு விளக்கம் வேண்டினர். மக்கள் வாகரையை விட்டு நீங்காவண்ணம் புலிகள் தடுத்தனர் என்பதும் மறைத்தற்குரியதன்று. ஆயினும், தடுக்கப்பட்டோர்மீது எறிகணை வீசுதற்கு அத்தடுப்பு நியாயமாகுமா?

சட்டம் யாது கூறுகின்றதெனச் சிறிது நோக்குவாம். 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் சமயம், கலை, அறிவு, அறம் ஆகியவற்றுக்குரிய கட்டடங்களை இயன்றவரை விலக்குமாறு பணித்தன. அவை யுத்தத் தேவைக்குப் பயன்படாவிடின் என்றொரு நிபந்தனையும் உடனிருந்தது. வழக்குரைக்கும் படைகள் யாவும் அந்நிபந்தனையினுள்ளேயே புகுந்துகொள்கின்றன. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977 இற் சேர்க்கப்பட்ட முதலாம் மேலதிக நெறிமுறை அவ்வாயிலைச் சிறிது அடைத்தது: பாடசாலையொன்று யுத்தத்துக்குப் பயன்படுகின்றதா என ஐயமெழுமிடத்து, பயன்படவில்லையென்றே கொள்ளல் வேண்டும். இந்நெறிமுறை நாடுகளிடை நிகழும் போருக்கென எழுதப்பட்டது. இலங்கை அதில் இணையவுமில்லை. எனினும் 1959 இல் இலங்கை ஏற்ற 1949 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் ஆயுதமேந்தாதாரின் உயிருக்குக் காப்புரைக்கின்றது.

நிற்க. கதிரவெளியில் இறந்தோரின் தொகை அறிக்கைக்கு அறிக்கை வேறுபடுகின்றது, நாற்பதுக்குக் குறையாதென்பர். இலண்டனிலும் இதுவே நிகழ்ந்தமை கண்டோம். காரணம் எளிது. பாடசாலையின் இடாப்பில் மாணவர் பெயருண்டு, அகதியின் பெயரில்லை. அவன் பெயர் அவன் விட்டுவந்த ஊரின் வாக்காளர் பட்டியலிலும் பங்கீட்டு அட்டையிலும் உள்ளது. அவ்வூரிலோ எண்ணுதற்கு எவருமில்லை. ஆழிப்பேரலையின்போது யான் எழுதிய தாள்களிற்கூட, ஒரே பெயர் இருமுறை வந்தது. இரவில் வந்து விடியுமுன் உறவினர் வீடு சென்றோர் பெயர் வரவேயில்லை.

கதிரவெளி முகாமில் நிவாரணம் பெற்றோரின் பெயரைக் குறித்த தாள்கள் எஞ்சியுள்ளனவா, எஞ்சியிருப்பின் யாரிடமுள்ளன என்று தேடுதலே, இச்சரித்திரத்தை எழுதப் புகுவோன் முதலிற் செய்யவேண்டிய வேலை.