நாக்கில் தொடங்கிய மருந்து

புதிதாகச் செய்த ரசாயனத்தை நாக்கில் வைத்து ருசி பார்ப்பது ஒரு காலத்தில் வேதியியலாளர்களின் வழக்கம். இன்று எந்த ஆய்வுக்கூடமும் அதை அனுமதிக்காது. 1930களின் நடுவில் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோல்கர் எர்ட்மன் அப்படித்தான் செய்தார். பார்லிப் பயிரிலிருந்து கிடைத்த கிராமின் என்ற பொருளின் அமைப்பைக் கண்டறிவது அவர் வேலை. அதைச் செயற்கையாகச் செய்யப்போக, அதையொத்த ஐசோகிராமின் வந்து நின்றது. ருசி பார்த்தார், நாக்கு மரத்துப்போனது. அசல் கிராமினுக்கு அந்தக் குணமே கிடையாது.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் போனவர் நில்ஸ் லோஃப்கிரென். 1943இல் அவர் கையில் வந்ததுதான் லிடோகெயின். நம் ஊர் மருத்துவமனைகளில் லிக்னோகெயின். அவருடைய இளம் உதவியாளர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் மயக்கவியல் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார். துணிச்சல்தான், பின்பற்றத் தக்கதல்ல! அஸ்ட்ரா நிறுவனம் உரிமையை வாங்கி, 1948இல் ஸைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முன்பும் மரப்பு மருந்துகள் இருந்தன. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண் அறுவைக்குக் கொகெயினைப் பயன்படுத்தினார். அது ஆளை அடிமையாக்கியது. 1905இல் புழக்கத்துக்கு வந்த நோவோகெயின் அடிமையாக்கவில்லை, ஆனால் சிலருக்கு ஒவ்வாமை தந்தது. லிடோகெயின் சீக்கிரம் வேலை செய்தது, கூடுதல் நேரம் நின்றது, ஒவ்வாமையும் அபூர்வம். பல் டாக்டர்கள் அதன் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

நரம்புக்குள் சோடியம் அயனிகள் பாயும் வாசலை இந்த மருந்து அடைக்கிறது. வலிச் செய்தி மூளைக்குப் போவதில்லை. இதயத் தசையிலும் அதே வாசல்கள் உண்டு. அதனால்தான் மாரடைப்புக்குப் பின் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அடக்க, பல ஆண்டுகள் இதையே ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அதே காரணத்தால், அளவு மிஞ்சினால் இதயத்தையே நிறுத்தியும் விடும்.

கணக்கு இதுதான்: அட்ரினலின் சேர்க்காத மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மொத்தத்தில் 300 மில்லிகிராமே எல்லை. 60 கிலோ ஆளுக்கு 270. பல் டாக்டர் போடும் 1.8 மில்லி குப்பியில், இரண்டு சத மருந்தென்றால், 36 மில்லிகிராம்தான் இருக்கும். ஆகவே பல் பிடுங்கப் போகிறவர் பயப்பட வேண்டியதில்லை. ஊசியைக் குத்தியதும் டாக்டர் பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். ரத்தம் வந்தால் முனை ரத்தக்குழாயில் இருக்கிறது, அங்கே மருந்தைச் செலுத்தக் கூடாது. வாயைச் சுற்றி மரப்பு, காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை என்று தோன்றினால் உடனே சொல்லிவிட வேண்டும். வலிப்பு அடுத்த கட்டம்.

ஆபத்து கிளினிக்குக்கு வெளியேயும் உண்டு. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் லிடோகெயின் கரைசலைத் தடவியதால் வலிப்பும் மரணமும் நேர்ந்த பிறகு, 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு எதிராகக் கடுமையாக எச்சரித்தது. வீட்டில் மிச்சமிருக்கும் லிடோகெயின் ஜெல்லைக் குழந்தையின் வாயில் தடவாதீர்கள். குளிர்ந்த, சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுங்கள்.