களிசானுக்குள் மடித்து விட்ட துணி



பெருநாள் நெருங்கினால் அலுமாரியில் கிடக்கும் பழைய களிசான்கள் வெளியே வரும். "ஸேர், இது வாப்பாட களிசான். கால் சரியான அகலம். இப்ப போட ஏலுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏலும். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வரலாறும் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தச் சொல். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்தார்கள். களிசான், சப்பாத்து, அலுமாரி எல்லாம் அவர்களுடைய மொழியிலிருந்து நம் வாயில் ஒட்டியவை. நம்மவர்களின் அன்றாட உடுப்பு சாரம்தான். சாரத்துக்கு அளவும் இல்லை, பெஷனும் இல்லை. வாப்பாவின் சாரம் மகனுக்கும் பொருந்தும். களிசான் அப்படியல்ல. உடம்புக்கு வெட்டித் தைப்பதால் உடம்பு மாறினாலும் காலம் மாறினாலும் அது பிழைத்துவிடும்.

கால் அகலம் துணியின் கதையும்தான். இரண்டாம் உலகப் போரில் துணியை மிச்சப்படுத்த, 1942இல் பிரித்தானியா ஆண்களின் களிசானில் கீழ் மடிப்பு வைப்பதையே தடை செய்தது. நம் நாட்டில் கதை தலைகீழ். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு, துணித் தட்டுப்பாடு. அதே காலத்தில்தான் உலகமெங்கும் பெல்பொட்டம் மோகம். அகலக் காலுக்குத் துணி கூடத் தேவை. புதுசு தைக்க வழியில்லாதவர்கள் பழைய நேர்க்கால் களிசானின் தையலை முழங்காலுக்குக் கீழே பிரித்து, முக்கோணத் துண்டு வைத்து அகலமாக்குவது பல நாடுகளில் நடந்த வேலை.

இப்போது கேட்பது ஒடுக்கித் தரச் சொல்லி. அது சுகமான வேலை போலத் தெரியும். உள்தையலிலும் வெளித்தையலிலும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அயன் மடிப்பு நடுவிலிருந்து விலகி, கால் முறுகும். இடுப்பிலுள்ள மடிப்புகளை எடுப்பது இன்னும் கஷ்டம். விரித்தால் மிஞ்சும் துணியைப் பக்கத்தில் குறைக்க வேண்டும். அங்கே பொக்கற் இருக்கிறது.

பெருப்பிப்பதுதான் உண்மையான சோதனை. பழைய தையல்காரர்கள் களிசானின் பின்தையலில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைப்பார்கள். போடுபவர் நாளைக்குப் பருப்பார், அல்லது அது தம்பிக்குப் போகும் என்ற கணக்கு. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. ரெடிமேட் நம் கடைகளை நிறைத்தது. ஆயிரக்கணக்கில் வெட்டும் இடத்தில் ஒவ்வோர் அங்குலமும் காசு. அதனால் பெரும்பாலும் உள்ளே விடும் துணி குறைவு.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இருந்த நம் சனம் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போனது. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். அதன் கால்மிதி மெஷின் பெரும்பாலும் இரும்பு. அதைத் தூக்கிக்கொண்டு யார் வள்ளம் ஏறுவது? மெஷின் கிடக்க, கைத்தொழில் மட்டும் கடல் கடந்தது. கடன் பட்டோ இரவல் வாங்கியோ ஒரு மெஷின் கிடைத்த இடத்தில் அந்தக் கை திரும்பவும் சோறு போட்டது.

இன்று யாரும் நம்மை விரட்டவில்லை. ஆனாலும் அந்தத் தொழில் போய்க்கொண்டிருக்கிறது, படிக்க ஆளில்லாமல். 2022 நெருக்கடியில் துணி விலை ஏறியபோது பழையதைத் திருத்தத்தானே ஓடினோம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். வாப்பாவின் களிசானை வீசுமுன் உட்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். துணி விட்டிருந்தால் நம் ஊர்த் தையல்கார நானாவிடம் கொடுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பெருநாள் முடிந்த கையோடு பிள்ளை ஒன்றை அவரிடம் பழக விடுங்கள். உங்கள் தெருவில் முன்பு தைத்தவர்கள் யார், கடை எங்கே இருந்தது என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து தொகுத்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.