முதுமையியல் ஆய்வுப் பயிற்சி நிதி: சிதம்பரம் வட்டாரம்

உடல் மூப்படையும் விதத்தையும் முதுமையோடு வரும் நோய்களையும் ஆராயப் பழகும் இளம் அறிவியலாளருக்குக் கிடைக்கும் மாத உதவித்தொகையும் ஆய்வகச் செலவுத் தொகையும் முதுமையியல் ஆய்வுப் பயிற்சி நிதி எனப்படும். கடலூர் மாவட்டத்தில் இதன் களம் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர். இங்கு இந்த நிதி பெரும்பாலும் பொதுவான அறிவியல் உதவித்தொகைகளின் வழியாகவே வந்திருக்கிறது.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதுவும் அவர் நிறுவிய பிற கல்லூரிகளும் சேர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயின. அது உறைவிடப் பல்கலைக்கழகமாக அமைந்ததால் வகுப்பறை, ஆய்வகம், விடுதி எல்லாம் நடந்து போகும் தொலைவில் இருந்தன. வேளை தவறாமல் விலங்குகளைக் கவனிக்க வேண்டிய ஆய்வுக்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு இல்லை. 1985இல் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதன் மைய விலங்குக் கூடம் உயிர்வேதியியல் துறையினருக்கும் எலிகளைத் தந்தது. பார்க்கின்சன் நோய் குறித்து அத்துறையினர் சுண்டெலிகளில் நடத்திய ஆய்வுகள் இந்தப் பின்னணியில் வளர்ந்தவை.

நிதியின் முதுகெலும்பு ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. பல்கலைக்கழக மானியக் குழு இதற்கான தேசியத் தேர்வை 1984இல் தொடங்கியது. இதன் மாதத் தொகை 2014இல் 25,000 ரூபாயாகவும் 2019இல் 31,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2023 ஜனவரி முதல் அது 37,000 ரூபாய். முதல் இரண்டாண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். எனப்படும் முதுநிலை உதவித்தொகை ஆகும்போது 42,000 ரூபாய். பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்களுக்கு 2008இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டம் இன்னொரு வாசல். நெட் எனப்படும் அந்தத் தேசியத் தேர்வில் தேறாதவர்களுக்கான 8,000 ரூபாய் உதவி நடுவண் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. அண்ணாமலைநகரில் படிப்பவருக்கு அது எட்டாது. ஒரே வேலையைச் செய்யும் இருவரிடையே இது நியாயமற்ற இடைவெளி.

முதுமை ஆய்வுக்கே உரிய இடர் காலம்தான். ஆய்வகத்தில் பெரிதும் பயன்படும் விஸ்டார் எலி ஏறத்தாழ இரண்டரை, மூன்று ஆண்டு வாழும். அதை மூத்த எலி என்று கொள்ள 24 மாதம் வளர்க்க வேண்டும். குட்டியிலிருந்து வளர்க்கத் தொடங்கும் மாணவருக்கு ஜே.ஆர்.எஃப். காலம் முழுவதும் தீவனத்திலும் காத்திருப்பிலுமே கழிந்துவிடும். அதற்குள் எலிகள் நோயில் இறந்தால் மறுபடி தொடங்கப் பணமும் இராது, நாளும் இராது. ஆகவே டி-காலக்டோஸ் என்ற சர்க்கரையை இளம் எலிகளுக்குச் சில வாரம் ஊசி மூலம் செலுத்தி, மூப்பின் அடையாளங்களை வரவழைக்கும் குறுக்குவழி பல ஆய்வகங்களில் பரவியது. அதில் கிடைப்பது மூப்பின் சாயல் மட்டுமே. சென்னைத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறை உண்மையாகவே முதிர்ந்த எலிகளில் கார்னிட்டின், லிப்போயிக் அமிலம் ஆகியவற்றைச் சோதித்தது. மூத்த விலங்குகளைப் பொதுவில் வளர்த்துத் தருவதும் பயிற்சி நிதியின் பகுதியாக வேண்டும் என்பதற்கு அதுவே தக்க சான்று.

இந்திய அளவில் இத்துறைக்கு வழிகாட்டியவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எம். எஸ். கனுங்கோ. மூப்பை மரபணுக்களின் செயல்மாற்றமாக விளக்கிய அவருடைய ஆய்வகம் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கியது. இங்குள்ள பொதுவான உதவித்தொகைகளைப் போலன்றி, அமெரிக்காவில் 1974இல் நிறுவப்பட்ட தேசிய முதுமை நிறுவனம் முதுமையியலுக்கென்றே பயிற்சி நல்கைகளை வழங்குகிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநில அரசின் பொறுப்பில் வந்தது. அதன் மருத்துவக் கல்லூரி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. முதியோர் மருத்துவத்துக்கெனத் தனியே, சென்னைக் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.