உப்பில்லாமல் வாழ்ந்த நாடு

1519-இல் சுமார் 500 வீரர்களோடு மெக்சிகோவில் இறங்கிய ஸ்பானியர் எர்னான் கோர்ட்டெஸ், இரண்டே ஆண்டுகளில் ஆஸ்டெக் பேரரசை வீழ்த்தியது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? துப்பாக்கி, குதிரை, பெரியம்மை மட்டும் காரணமல்ல.

ஆஸ்டெக்குகளுக்கு அடிபணியாத அண்டை நாடு திலாஸ்கலா. சுற்றிவளைத்து வணிகத்தை ஆஸ்டெக்குகள் தடுத்ததால், அங்கே உப்புக்கும் பருத்திக்கும் நெடுங்காலத் தட்டுப்பாடு. முதலில் ஸ்பானியரோடு போரிட்ட அம்மக்கள், பிறகு அவர்களோடே கைகோத்தார்கள். 1521 ஆகஸ்ட் 13-இல் தலைநகர் தெனோச்தித்லான் விழுந்தபோது, முற்றுகைப் படையில் பெரும்பாலோர் மண்ணின் மக்களே.

அவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிடாதீர்கள். ‘நாம் எல்லோரும் ஒரே இனம்’ என்ற எண்ணம் அன்று அங்கே இல்லை. அவர்கள் அறிந்த எதிரி பக்கத்து நாட்டுக்காரர்தான். கைம்மாறாகச் சில சலுகைகள் கிடைத்தன. ஆனால் ஆஸ்டெக்குகளுக்குப் பணியாத அந்த நாடு, கடைசியில் ஸ்பெயின் மன்னருக்குக் குடியானது.