பானெட்டின் மேல் ஒரு முள்

மோட்டார் வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்பதை அறிவிக்கும் கருவி எல்லாருக்கும் பழக்கமானது. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதை அறிவிக்கும் டாக்கோமீட்டரோ, கியரைத் தன் கையாலேயே மாற்றி, அதையும் உரிய கணத்தில் மாற்றினால்தான் பக்கத்தில் வருகிறவனை முந்த முடியும் என்ற நிலையில் ஓட்டுகிற மனிதனுக்கே இன்றியமையாதது. அந்தக் கருவியை டாஷ்போர்டிலிருந்து எடுத்து, வெயிலும் மழையும் படும்படி பானெட்டின் மேலேயே, ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராகப் பதித்து வைத்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அந்த வழக்கம் சில ஆண்டுகளே நிலைத்தது. ஆனால் அன்று பொருத்தப்பட்ட அசல் கருவியைப் பிற்காலத்துப் பிரதியினின்று பிரித்தறியும் வித்தை இன்றளவும் வளர்ந்துகொண்டே வருகிறது.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரையும் பான்டியாக் நகரையும் இணைப்பது வுட்வர்ட் அவென்யூ என்னும் அகன்ற சாலை. 1960களில் அதன் சிக்னல் விளக்குகளுக்கு இடையே இரவு நேரங்களில் இளைஞர்கள் நடத்திய ஓட்டப் போட்டிகளை, அதே பிரதேசத்தில் வாழ்ந்த மோட்டார் கம்பெனிப் பொறியியலாளர்கள் அறியாமல் இல்லை. 1963 ஜனவரியில், தன் கிளைகள் யாவும் பந்தயங்களினின்று விலக வேண்டுமென்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை கட்டளையிட்டபோது, பந்தயக் கீர்த்தியைக் கொண்டே வியாபாரத்தை விருத்தி செய்திருந்த பான்டியாக் கிளை, மைதானத்தில் தனக்கு மறுக்கப்பட்டதைத் தெருவில் தேட நேர்ந்தது. நடுத்தர அளவுள்ள வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்ற விதியும் குறுக்கே நின்றது. பிரதமப் பொறியியலாளர் ஜான் டெலோரியனும் அவருடைய சகாக்களும் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் வண்டிக்குரிய விருப்பத் தேர்வாக அறிவித்து, விதியின் வாசகத்துக்குப் பங்கமில்லாமலே 1964இல் ஜி.டி.ஓ.வைப் பிறப்பித்தார்கள். 5,000 வண்டி விற்றால் போதுமென்று எண்ணியிருந்த இடத்தில் முதல் ஆண்டிலேயே 32,450 விற்றன; 1966இல் அத்தொகை 96,946 ஆயிற்று.

அந்த முதல் ஜி.டி.ஓ.வில் டாக்கோமீட்டரை விரும்பிக் கேட்டு வாங்கினவர்களுக்கு அது டாஷ்போர்டின் வலது கோடியில், கண்ணுக்கு எட்டாத மூலையில் கிடைத்தது. முழு வேகத்தில் போகிறவன் சாலையை விட்டுவிட்டு அந்தச் சிறிய முகப்பைத் தேடிப் படிப்பதென்பது எளிதான காரியமன்று. 1967ஆம் ஆண்டு மாதிரிகளில் பான்டியாக் இதற்குப் பரிகாரம் கண்டது. பானெட்டின் இடது புறத்தில், கண்ணாடிக்குச் சற்று முன்னால், தாழ்வான ஒரு கூட்டுக்குள், 8,000 வரை எண்ணிட்ட முகப்போடும், இரவில் உள்ளிருந்து ஒளிரும் விளக்கோடும் அமைந்த அந்தக் கருவி, சாலையினின்று பார்வையை அகற்றாமலே எஞ்சினின் கதியை அறியும் வசதியை ஓட்டுகிறவனுக்கு அளித்தது. டாஷ்போர்டில் கடிகாரத்துக்கு இடம் விட்டதும் அதன் பயன்களில் ஒன்று. தெருவில் நிற்பவனுக்கும் இது சாதாரண வண்டியன்று என்று அறிவித்தது மற்றொரு பயன். விற்பனையாளர்களுக்கு அதுவே பெரிதாகத் தோன்றியிருக்கலாம் என்றாலும், கருவி தோன்றியதற்கு ஆதாரமான தேவை மெய்யானதென்றே நான் கருதுகிறேன்.

வெளியே வைத்த பொருளுக்கு வெளியின் துன்பங்கள் யாவும் நேர்ந்தன. கீழிருந்து எஞ்சினின் உஷ்ணமும் மேலிருந்து சூரியனின் உஷ்ணமும் தாக்கின. மழைநீர் கசிந்து கண்ணாடியின் உட்புறம் பனித்தது. பானெட்டை ஓங்கி மூடும் ஒவ்வொரு முறையும் முள்ளின் மெல்லிய அச்சு அதிர்ந்தது. ஆயினும் அந்த யோசனை மற்றவர்களையும் கவர்ந்தது. 1970இல் பியூக் வெளியிட்ட ஜி.எஸ்.எக்ஸ். வண்டிகளில் அது கேளாமலே கிடைத்தது. அவ்வாண்டில் செய்யப்பட்ட அவ்வகை வண்டிகள் 678 மட்டுமே. அதே ஆண்டில் அமெரிக்கன் மோட்டார்ஸ், ரெபெல் மெஷின் வண்டியில், எஞ்சினுக்குக் காற்றை வாங்கும் பானெட் மேட்டின் பின்பக்கத்திலேயே டாக்கோமீட்டரை அடக்கி வைத்தது. இவற்றில் மெஷினின் அமைப்பே எனக்கு மிகவும் உவப்பானது. கருவி அதில் ஒட்டவைத்த பொருளாகத் தோன்றாமல் வண்டியின் அவயவமாகவே தோன்றும். பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், ஏறிப்போன இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் இவ்வகை வண்டிகளின் யௌவனத்தை முடித்து வைத்தன.

மறைந்தவற்றுக்கு விலை ஏறுவது இயல்பு. பழைய ஜி.டி.ஓ.க்களும், பான்டியாக்கின் மற்றொரு வகை வண்டிகளான ஃபயர்பேர்டுகளும் சேகரிப்போரின் அபிமானத்தைப் பெற்றதும், பானெட் டாக்கோமீட்டருக்குப் பிரதிகள் செய்யப்படலாயின. பிரதியைப் பிரதி என்றே சொல்லி விற்கும் உழைப்பாளிகளிடம் குற்றமேதும் இல்லை, அதை அசலென்று வண்டியோடு சேர்த்து விற்பவனிடமே குற்றம். பான்டியாக் விஷயத்தில் பரீட்சகருக்கு ஒரு பாக்கியம் உண்டு. 1961 முதல் 1986 வரை தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட வண்டிகளின் விற்பனைப் பட்டியல் ஏடுகள் அழியாமல் காப்பாற்றப்பட்டு, பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்னும் ஸ்தாபனத்தின் வசம் இருக்கின்றன. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய ஏட்டின் நகல் கிடைக்கும், அதில் யூ.பி.5 என்ற குறியீடு காணப்பட்டால், தொழிற்சாலையிலேயே பானெட் டாக்கோமீட்டர் பொருத்தப்பட்ட வண்டி அது என்று நிச்சயிக்கலாம்.

ஆனால் ஏடு வண்டியைப் பற்றிப் பேசுமேயன்றி, இப்போது அதன்மேல் இருக்கும் கருவியைப் பற்றிப் பேசாது. மேலும் இதே கருவியை டீலர்களும் தம் பட்டறைகளில் பொருத்தித் தந்தார்கள்; அவை தொழிற்சாலை ஏட்டில் ஏறவில்லை. ஆகவே பரீட்சகர் பானெட்டைத் திறந்து, துளையின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்: ரம்பம் கையால் ஓடிய கோணல் தெரிகிறதா, வெட்டிய உலோகத்தில் பல ஆண்டுத் துரு படிந்திருக்கிறதா, பெயிண்டின் பழைய அடுக்குகள் விளிம்புவரை வந்து நிற்கின்றனவா, அல்லது நேற்று வெட்டிய தகட்டின் பளபளப்பா. பானெட்டின் அடிப்புறத்தில் வயர் நெடுங்காலம் கிடந்த தடத்தையும், அந்த வயரின் உறை மற்ற வயர்களோடு ஒத்த முதுமை எய்தியிருப்பதையும் அவர் கவனிக்கிறார். அதன்பின்னரே கருவியைக் கழற்றி, கூட்டில் பதிந்த எண்களையும், முகப்பின் எழுத்து வடிவத்தையும், திருகாணிகளையும், ஐயத்துக்கு இடமில்லாத ஓர் அசலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்.

கருவி வேலை செய்யும் விதமே ஒரு சோதனையாகவும் அமைகிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒருமுறை சுழல நான்கு தீப்பொறிகள் தோன்றும். நிமிஷத்துக்கு 5,000 சுழற்சி என்றால் விநாடிக்கு 333 பொறிகள். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் ஒரே வயர் அந்தத் துடிப்புகளைக் கொண்டு வர, கூட்டுக்குள் இருக்கும் சிறிய மின்சுற்று அவற்றின் விகிதத்துக்கேற்ப முள்ளை நகர்த்துகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினிலோ ஒரு சுழற்சிக்கு மூன்று பொறிகளே. ஆதலால் ஆறு சிலிண்டர் ஃபயர்பேர்டுக்கென்று செய்த கருவியை எட்டு சிலிண்டர் ஜி.டி.ஓ.வில் வைத்தால், எஞ்சின் 3,000இல் சுழலும்போது முள் 4,000த்தைக் காட்டும். சிவப்புக் கோடு தொடங்கும் இடமும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். கருவி அசலாகவே இருந்தும் அந்த வண்டிக்கு அன்னியமானது என்பது இவ்வாறு வெளிப்படுவதுண்டு.

இன்னொரு நுட்பத்தைச் சொல்லாமல் விடலாகாது. மழையாலும் அதிர்ச்சியாலும் கெட்டுப்போன கருவிகளுக்குப் பதிலாக, கம்பெனியின் உதிரிபாகக் கடையிலேயே வேறு வாங்கிப் பொருத்தியவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். ஆகையால் கருவி வண்டியைவிட வயதில் இளையதாகக் காணப்பட்டால், அதை உடனே வஞ்சனை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. பழைய கூட்டையும் முகப்பையும் காப்பாற்றி, பழுதான மின்சுற்றை மட்டும் எடுத்துவிட்டுப் புதியது வைத்துத் தருகிற கைவினைஞர்களும் இன்று இருக்கிறார்கள். வண்டியை ஓட்டுவதற்கென்றே வைத்திருப்பவர் அப்படிச் செய்துகொள்வதை நான் மனமார ஆதரிக்கிறேன்; ஆனால் எடுத்த பழைய மின்சுற்றை எறிந்துவிடாமல் ஓர் உறையிலிட்டு, எந்த ஆண்டில் யார் மாற்றியது என்று எழுதி, வண்டியின் பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிட்டால், பின்னால் வாங்குகிறவருக்கும் அவருடைய பரீட்சகருக்கும் சந்தேகத்துக்கு இடமிராது.