தடுப்பணைத் தொல்லியல் மதிப்பீடு

தடுப்பணைத் தொல்லியல் மதிப்பீடு என்பது, ஆற்றின் குறுக்கே உள்ள பழைய தடுப்பணையை முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றும் முன், அதன் வரலாற்று மதிப்பையும் அகற்றுவதால் நேரும் இழப்பையும் கணிக்கும் ஆய்வு ஆகும். இங்கிலாந்தில் 1990 இல் வெளியான திட்டமிடல் வழிகாட்டிக்குப் பின், திட்ட அனுமதிக்கு முன்னரே தொல்லியல் ஆய்வு கோருவது வழக்கமாயிற்று.

தேவை

இங்கிலாந்தின் தடுப்பணைகள் பல, நீராலைகளுக்காகக் கட்டப்பட்டவை. 1086 ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏடு ஏறத்தாழ 6,000 ஆலைகளைக் குறிப்பிடுகின்றது. ஒரே இடத்தில் பலமுறை கட்டப்பட்டதால், இன்றைய கல் அணையின் அடியில் பழைய மர அணை புதைந்திருக்கக்கூடும். நீரில் அமிழ்ந்த மரம் உயிர்வளி கிட்டாமையால் பல நூற்றாண்டுகள் கெடாதிருக்கும். அணையைத் தாழ்த்தினால் மேற்புற நீர்மட்டம் குறையும். கைபடாத மரமும் வெளிப்பட்டு உக்கிவிடும். ஆகவே மதிப்பீடு அகற்றப்படும் பகுதியோடு நின்றுவிடுவதில்லை.

முறைகள்

* பழைய நிலப்படங்களையும் ஆலை ஆவணங்களையும் ஆராய்தல்
* அணை, கரை, ஆலைக் கால்வாய் ஆகியவற்றை அளந்து வரைதல், ஒளிப்படம் எடுத்தல்
* மர வளையங்களைக் கொண்டு காலம் கணித்தல்
* அகற்றும்போது தொல்லியலாளர் உடனிருந்து பதிவு செய்தல்

எடுத்துக்காட்டு

செவர்ன் ஆற்றின் துணையாறான தீம் ஆற்றில், வூஸ்டர் நகருக்கு அருகே போவிக் தடுப்பணை உள்ளது. இங்கிருந்த ஆலையில் 1894 இல் நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டு, நகருக்கு மின்சாரம் வழங்கப்பட்டது. முட்டையிட ஆற்றில் மேலேறும் சாட் மீன்களுக்கு அணை தடையாக இருந்தமையால், 2018 இல் அதன் ஒரு பகுதி அகற்றப்பட்டது. இத்தகைய பகுதி நீக்கத்தில் மீன்களுக்கு வழி கிடைக்கின்றது; எஞ்சிய கட்டுமானம் சான்றாக நிற்கின்றது. அகற்றிய பகுதிக்கோ முன்னர் எடுத்த பதிவுகளே மிஞ்சுகின்றன.